கம்பம் பள்ளத்தாக்கில் கரண்ட் வந்த கதை: குண்டு பல்பு முதல் இண்டக்‌ஷன் அடுப்பு வரை

குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கி வருபவர்கள் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடி வருகின்றன. கீழே லோயர் கேம்ப். குழாய்களில் வருவது பெரியாற்றுத் தண்ணீர். அது டர்பைன்களைச் சுழற்றிவிட்டு வெளியேறி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களுக்குப் போகிறது. 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 140 மெகாவாட் என்று அமைக்கப்பட்ட நிலையம் இது. பின்னாளில் திறன் இன்னும் கூட்டப்பட்டது.

இவ்வளவு மின்சாரம் பிறக்கும் பள்ளத்தாக்கில், எத்தனையோ வீடுகளின் உள்ளே ஓடும் ஒயர் மட்டும் ஒரே ஒரு பல்பை மனதில் வைத்துப் போடப்பட்டது. அந்த ஒயரில்தான் பிறகு டி.வி. வந்தது, மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, கடைசியில் இண்டக்‌ஷன் அடுப்பும் வந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒயரின் வரலாறு.

தண்ணீர் உண்டு, கரண்டுக்கு உரிமை இல்லை

பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே 1886 அக்டோபர் 29-ல் சென்னை அரசாங்கத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் ஆகியிருந்தது. எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். ஒப்பந்தம் எழுதியபோது மின்சாரம் யார் நினைவிலும் இல்லை. அப்போது சென்னைப் பட்டணத்திலேயே கரண்ட் கிடையாது.

பிற்பாடு சென்னை அரசாங்கத்துக்கு ஆசை வந்தது. இத்தனை உயரத்திலிருந்து விழும் தண்ணீரை வெறும் பாசனத்துக்கு மட்டும் விடுவானேன்? திருவிதாங்கூர் மறுத்தது. குத்தகை கொடுத்தது பாசனத்துக்குத்தான், மின்சாரத்துக்கு அல்ல என்றது. வழக்கு நடுவர்களிடம் போய், அவர்கள் ஒத்துப்போகாமல், கல்கத்தா உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்ற நடுவரிடம் வந்தது. 1941 மே மாதம் அவர் தந்த தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். அவரேதான் 1920-களில் சென்னை அரசாங்கத்தின் நிர்வாக சபையில் இருந்தபோது நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகப் பாடுபட்டவர். பைக்காரா 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. மதுரையில் பசுமலைக்குப் பக்கத்தில் பைக்காரா என்றே ஒரு பகுதி இருக்கிறதே, அது நீலகிரி மின்சாரம் வந்திறங்கிய துணை மின்நிலையம் தந்த பெயர் என்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரு மாநிலங்களும் மறுபடி பேசின. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் உருவானது. அடுத்த ஆண்டே லோயர் கேம்பில் முதல் இயந்திரம் ஓடியது. நான்காவது இயந்திரம் வர 1965 ஆகிவிட்டது. எழுத்துபூர்வமான துணை ஒப்பந்தமோ 1970 மே மாதம்தான் கையெழுத்தானது. நிலக் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனியாகக் கேரளத்துக்குப் பணம். 35 கோடி யூனிட் வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் போனால் இன்னொரு கணக்கு. 1978-ல் சுருளியாறு மின்நிலையமும் சேர்ந்துகொண்டது.

லோயர் கேம்ப் கரண்ட் நேராகக் கம்பத்து வீடுகளுக்குப் போகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. அது மின்தொகுப்பில் கலந்துவிடும். வீட்டுக்கு வருவது எந்த அணையின் கரண்ட் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தேக்கு ரீப்பரும் பீங்கான் கட்டையும்

அந்தக் காலத்தில் கரண்ட் இழுத்த வீடுகளை போடியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் பழைய தெருக்களில் இன்றும் பார்க்கலாம். சுவரில் தேக்கு ரீப்பர், அதன்மேல் தகரக் கிளிப் அடித்துப் பிடித்த ஒயர். உருண்டையான கறுப்பு சுவிட்சு. வாசலுக்கு மேலே மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டை. (ஃபியூஸ் என்பதைப் பீஸ் என்று சொன்னால்தான் நம் ஊரில் புரியும்.) ஒயரை 3/20, 7/20 என்று கேட்டு வாங்கினார்கள். இருபதாம் நம்பர் கேஜ் கம்பியில் மூன்று இழை, ஏழு இழை என்று அர்த்தம். வெள்ளைக்காரன் கேஜ் கணக்கு. சதுர மில்லிமீட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் எலக்ட்ரீஷியன்கள் வாயில் அது போகவில்லை.

பிளக்கும் அப்படித்தான். மூன்று உருண்டைக் கால் வைத்த 5 ஆம்பியர், 15 ஆம்பியர் பிளக்குகள் பிரிட்டனில் பிறந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஒயரை மிச்சப்படுத்த 1947-ல் வீட்டு வயரிங் முறையையே மாற்றி, சதுரக் கால் பிளக்கைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிளக் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி பீஸ் உண்டு. ஒரு சாமானின் ஒயரில் கோளாறு வந்தால் அதன் பிளக்கிலேயே பீஸ் போய்விடும். இந்தியா பழைய உருண்டைக் கால் பிளக்கையே வைத்துக்கொண்டது. ஆகவே இங்கே அயர்ன் பாக்ஸ் ஒயரில் கோளாறு என்றாலும் போர்டில் உள்ள பீஸ்தான் காப்பாற்ற வேண்டும். அந்த ஒரு பீஸ் சரியாக இல்லாவிட்டால் வேறு கதி கிடையாது.

பீஸ் என்ன செய்கிறது? மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு ஆகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஓவர்லோடின் ஆபத்து முழுவதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகி, மேலே உள்ள பிளாஸ்டிக் உருகுவதற்கு முன்னால், வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஒரு கம்பி முதலில் உருகி அறுந்துவிட வேண்டும். அதாவது பீஸ் கம்பிதான் அந்த வீட்டிலேயே பலவீனமான கம்பியாக இருக்க வேண்டும். எடிசன் தன் முதல் மின்நிலையங்களிலேயே இதைப் பயன்படுத்தினார். தானாக விழும் டிரிப்பரை 1920-களில் ஜெர்மனியில் ஹியூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் வீட்டுக்கு ஏற்ற அளவில் செய்தது.

ஆனால் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே நடந்தது வேறு. கல்யாண வீட்டில் பீஸ் போகும். கடையில் பீஸ் கம்பி வாங்கி வர யாருக்கும் பொறுமை இல்லை. கிடந்த ஒயரில் நாலு இழையை உருவி, முறுக்கி, கட்டையில் சுற்றிவிடுவார்கள். இனிமேல் பீஸ் போகவே போகாது என்று பெருமை வேறு! உண்மைதான், போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒயர் போகும்.

1960-களில் செம்புத் தட்டுப்பாடு இந்தியாவுக்கும் வந்தது. அலுமினிய ஒயர் பரவியது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய 1965-லிருந்து 1973 வரை கட்டிய வீடுகளில் இதே கதைதான். அலுமினியம் கெட்ட உலோகம் இல்லை, மின்வாரியத்தின் பெரிய லைன்களெல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சிக்கல் சின்ன ஒயரின் இணைப்பில்தான். சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, ஸ்க்ரூவுக்கு அடியில் மெல்ல மெல்ல லூஸ் ஆகும். லூசான இடம் இன்னும் சூடாகும். சுவிட்ச் போர்டு ஓரம் பழுப்பேறி, லேசாகக் கருகல் வாடை வந்தால் அங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான். செம்பு ஒயரையும் அலுமினிய ஒயரையும் சும்மா முறுக்கி டேப் சுற்றிய இடங்கள் இன்னும் மோசம்.

குடிசைக்கு ஒரு விளக்கு

1970-களிலேயே தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் பேசியது. 1997 வரை இருந்த இலக்கணப்படி, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்சாரம் பெற்ற கிராமம். தோட்டத்தில் ஒரு பம்புசெட் ஓடினாலும் கணக்கில் சேர்ந்துவிடும். பம்புசெட்டுக்குத்தான் முதலில் கரண்ட் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் அது இலவசமானது. தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது தோட்டத்துக்காரரின் கூலியாள் வீட்டில் சிம்னி விளக்கு எரிந்த காலம் அது.

குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பு வந்தபோது அது பெரிய காரியம். மத்திய அரசும் 1988-89-ல் குடிர் ஜோதி என்ற பெயரில் இதையே செய்தது. மீட்டர் கிடையாது, பில் கிடையாது. 40 வாட்ஸுக்கு மேற்படாத ஒரே பல்பு. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், ஒரு சுவிட்சு, ஒரு ஹோல்டர், அவ்வளவுதான். ஓலைக் கூரையின் மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட பல்பின் கீழ் பிள்ளைகள் படித்தார்கள். அந்த இணைப்பைக் குறை சொல்லவே முடியாது. 40 வாட்ஸ் என்பது 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்த ஒயரும் அதைத் தாங்கும்.

2006 செப்டம்பரில் தி.மு.க. ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். 2011 செப்டம்பர் 15-ல் அ.தி.மு.க. ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இலக்கு. குடிசை இணைப்பின் விதிகளையும் அதற்கேற்பத் தளர்த்தினார்கள். ஒரு விளக்கோடு இந்தச் சாமான்களையும் போட்டுக்கொள்ளலாம் என்றானது. பட்டியலில் சேர்ந்தது சாமான். ஒயரை மாற்றச் சொல்லி யாரும் பட்டியல் போடவில்லை.

இலவசத்தால்தான் ஒயர் எரிகிறது என்று டீக்கடையில் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. பல்பு 40, டி.வி. 70, ஃபேன் 75, சின்ன கிரைண்டர் 150, மிக்ஸி 550. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஏறக்குறைய 885 வாட்ஸ். அதாவது நாலு ஆம்பியருக்கும் கீழே. ஒழுங்காக வயரிங் செய்த 5 ஆம்பியர் லைன் இதைத் தாங்கிவிடும். கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி ஐந்தாறு மடங்கு இழுக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருந்தது? பல்பு ஹோல்டரிலிருந்து இழுத்த இரண்டு இழை ஒயரில் இருந்தது. பிளக் இல்லாமல் ஓட்டைக்குள் நேரடியாகச் செருகி, தீக்குச்சியால் முட்டுக்கொடுத்த ஒயர் நுனியில் இருந்தது. மூன்று கால் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டு இரண்டு கால் பாயிண்டில் சொருகியதில் இருந்தது. கிரைண்டர் தண்ணீரோடு புழங்கும் சாமான். மாவு வழிக்கிற கை ஈரம், தரை ஈரம், உள்ளே ஒயர் உரசி உடம்பில் கரண்ட் இறங்கினால் போய்ச் சேர எர்த் இல்லை. மனிதர் உடம்பு வழியாகத்தான் போகும்.

இங்கே பீஸும் கைகொடுக்காது. ஒரு ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கரண்ட் போதும். 5 ஆம்பியர் பீஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பீஸும் டிரிப்பரும் ஒயரைக் காப்பாற்றப் பிறந்தவை, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்றும் கருவி 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காகவும் ஆஸ்திரியாவிலும் உருவானது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லை என்றால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். இந்திய மின்சார விதிகளில் இது வந்தபோது 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்கு மட்டும்தான் கட்டாயமாக்கினார்கள். அதாவது பணக்கார வீட்டுக்கு. ஈரத் தரையில் கிரைண்டர் ஓட்டும் வீட்டுக்கு அல்ல! அண்மை ஆண்டுகளில்தான் எல்லா வீட்டுக்கும் இதைப் பொருத்தும்படி தமிழ்நாட்டில் மின்வாரியம் வலியுறுத்துகிறது.

இருட்டும் இண்டக்‌ஷனும்

2008-லிருந்து மின்வெட்டு ஆரம்பித்தது. 2012-ல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நிலை. தேனியும் தப்பவில்லை. லோயர் கேம்ப் குழாய்களைப் பார்த்தபடியே கூடலூர்க்காரர்கள் விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பழைய வயரிங்கில் எங்கெங்கோ வெட்டி ஒட்டி இன்வெர்ட்டர் லைன் போடப்பட்டது. மெயினை அணைத்தாலும் சில பாயிண்டுகளில் கரண்ட் இருக்கும் வீடுகள் அப்படித்தான் உருவாயின. மெயின் ஆஃப் என்று நம்பிக் கை வைப்பவருக்கு இது புதிய எமன்.

கரண்ட் திரும்பி வரும் நொடிக்கும் ஒரு விசேஷம் உண்டு. போகும்போது ஓடிக்கொண்டிருந்த ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எதையும் யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். தெரு முழுக்க எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போகும். பிறகு லைன்மேனுக்குப் போன் அடிக்க வேண்டியதுதான்.

அதே 2012 செப்டம்பரில் மத்திய அரசு மானிய சிலிண்டரை ஆண்டுக்கு ஆறு என்று கட்டுப்படுத்தியது. (2013-ல் ஒன்பது, 2014-ல் பன்னிரண்டு ஆனது.) ஜனங்கள் இண்டக்‌ஷன் அடுப்பைத் தேடி ஓடினார்கள். கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் அடுப்பு! அந்த அடுப்பு 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். மேலே சொன்ன அத்தனை இலவசச் சாமானும் சேர்ந்து இழுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிக்ஸி ஓடுவது இரண்டு நிமிஷம், அடுப்பு எரிவதோ ஒரு மணி நேரம். நேரம் கூடக்கூட ஒயரில் சூடு தங்கும். இதற்கு 15 ஆம்பியர் பவர் பிளக்கும் தடித்த ஒயரும் வேண்டும். பல வீடுகளில் அது இல்லை. ஆகவே சின்ன பிளக்கில் பெரிய பிளக்கைச் சொருக ஒரு கன்வெர்ட்டர் வாங்கினார்கள். பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். பெரிய பிளக் சின்ன ஓட்டையில் நுழையக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவையே வைத்தார்கள். கன்வெர்ட்டர் அந்தக் காவலை முப்பது ரூபாய்க்கோ ஐம்பது ரூபாய்க்கோ கழற்றிவிடுகிறது. வெந்நீர் போடும் ராடும் அயர்ன் பாக்ஸும் இதே சாதிதான். சூடு தரும் சாமான்தான் கரண்டை இழுக்கும். ஒளி தருவது இழுக்காது. 60 வாட்ஸ் குண்டு பல்பு போய் 9 வாட்ஸ் எல்.இ.டி. வந்ததில் வெளிச்சத்தின் செலவு குறைந்தேவிட்டது.

வயரிங் பாடத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒரு விளக்கு சர்க்கியூட்டில் பத்து பாயிண்டுக்கு மேலோ 800 வாட்ஸுக்கு மேலோ கூடாது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் கம்பியாள் தேர்வு எழுதுபவர்களுக்கும் இது மனப்பாடம். (கம்பியாள் என்பது அரசாங்கத் தமிழ், ஊரில் ஒயர்மேன்.) விதி இல்லாமல் இல்லை. வீடு கட்டும்போது ஒரு தரம் கையெழுத்துப் போட்டு வாங்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு விதி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் அந்த வீட்டில் சேரும் சாமானை யாரும் எண்ணுவதில்லை. அனுமதிக்கப்பட்ட மின்பளு கார்டில் ஒன்றாகவும் சுவரில் வேறாகவும் இருக்கும்.

பந்தலும் திருவிழாவும்

கொஞ்ச நேரத்துக்குப் போடும் லைன்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட ஓலைப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடியோ விளக்குக்காக இழுத்த ஒயரில் கிளம்பிய பொறிதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்தக் கால வீடியோ விளக்குகள் ஒவ்வொன்றும் ஆயிரம் வாட்ஸ் அளவில் இருந்தவை. தலைக்கு மேலே காய்ந்த ஓலை, பக்கத்தில் முறுக்கி ஒட்டிய ஒயர், வெளியேற ஒடுங்கிய படி. அடுத்த ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயும் நடந்தது. அது சமையல் கூடத்துத் தீ, மின்சாரம் காரணமல்ல. ஆனால் அங்கும் ஓலைதான் 94 குழந்தைகளின் உயிரை வாங்கியது. அதன் பிறகே பள்ளிகளில் கூரைகளைப் பிரித்தார்கள். 2022 ஏப்ரல் 27-ல் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள்.

தேனி மாவட்டத்தில் சித்திரை என்றால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாள், லட்சக்கணக்கில் கூட்டம், ராட்டினம், கடை, சீரியல் செட். முல்லைப் பெரியாற்றில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு அக்னிச் சட்டி எடுத்து வருகிறவர்கள் நடக்கும் அதே பாதையோரம்தான் கடைகளுக்கான ஒயர்களும் போகும். இதற்குத் தனியாகத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும், ஆய்வும் உண்டு. கடைக்குக் கடை இழுத்துக்கொள்ளும் ஒயர்தான் கவலை.

மழைக்காலத்தில் இன்னொன்று. துணி காயப்போடும் கம்பிக்கொடி. சர்வீஸ் ஒயரைத் தாங்கும் அதே இரும்புக் குழாயில் கொடியையும் கட்டிவிடுவார்கள். ஒயரின் உறை வெயிலில் வெடித்து, ஐப்பசி மழையில் நனைந்து, குழாயில் கரண்ட் இறங்கும். அம்மா துணி எடுக்கப் போவார், பிடிபட்டவரை இழுக்க மகனும் தொடுவார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் என்று வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுக் கணக்குகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல். கம்பிக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டினால் பெரிய செலவு ஆகாது.

இப்போது கம்பம், தேனி, பெரியகுளம் புதுத் தெருக்களில் கட்டும் வீடுகளில் சுவருக்குள் பி.வி.சி. குழாய், செம்பு ஒயர், ஒவ்வொரு அறைக்கும் தனி டிரிப்பர், ஏ.சி.க்கும் கீசருக்கும் தனி லைன் என்று வந்துவிட்டது. வாசலில் நிற்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் ஒரு பாயிண்ட். அடுத்த தெருவில் தேக்கு ரீப்பர் வீட்டிலும் அதே ஸ்கூட்டர் நிற்கிறது. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வெளியே வருகிறது, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிறது. பாக்ஸின் மறுமுனை செருகியிருப்பது, தாத்தா காலத்தில் ரேடியோவுக்காகப் போட்ட 5 ஆம்பியர் பாயிண்டில்.